கக்கூஸ் கூரையில் குளவி

அருள்புரம் பக்கம் லைன் வீட்டில் இருக்கிறோம். எட்டுக் குடும்பத்துக்குக் கக்கூஸ் இரண்டு. இரண்டுக்கும் ஒரே சிமெண்ட் சீட் கூரை. அதற்கடியில் குளவி கூடு வைத்திருந்தது. யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் என் மனைவியைக் கழுத்தில் கொட்டியது. ஒரே கொட்டு. சுண்ணாம்பு வைத்தேன். வைக்கும்போதே உதடு வீங்கியது. மூச்சு இழுத்தது. வண்டியில் உட்காரவைத்து, சாயாமல் இருக்க என் இடுப்போடு துண்டால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்ட பிறகு டாக்டர் சொன்னார்.

"இவங்க உடம்புக்கு ஆகாதுங்க. இன்னொரு தடவை கொட்டுனா உயிருக்கே ஆபத்து. குளவி இருக்கற பக்கமே போகக் கூடாது."

குளவி இருப்பது கக்கூஸில்.

வீட்டு ஓனரிடம் போனேன்.

"குளவிக்கு நான் என்னங்க பண்ணறது? பக்கத்துல போகாம இருந்துக்கங்க."

"கக்கூஸுக்குப் போகாம எப்பிடிங்க இருக்கறது?"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவள் என் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனாள். மேலே மழைக்கோட்டு. பக்கத்து வீட்டு அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கும்.

"ஏனுங்கம்மிணி, வண்டி இன்னைக்கு எந்தூருக்கு? பழனிக்குங்களா?"

"வாங்கக்கா, பின்னால எடமிருக்குது."

லைனே சிரிக்கும். நானும் சிரித்தேன். பிறகுதான் கவனித்தேன். அவள் தண்ணீர் குடிப்பதை விட்டிருந்தாள். சோற்றுக்குப் பிறகு ஒரு மிடறு. கேட்டால், "தாகமில்லீங்க."

கொளுத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் ஓவர்லாக் டெய்லர். பனியன் கம்பெனியில் துணிக்குப் பஞ்சமில்லை. கட்டிங் வேஸ்ட் ஒரு பை கொண்டுவந்தேன். எதிர் வீட்டுக்காரர் சாயப்பட்டறைக்குப் போகிறவர். அவரிடம் ரப்பர் கையுறை வாங்கினேன். அதை மாட்டிய பிறகுதான் துணியைத் தொட்டு டீசலில் நனைத்தேன். டீசல் கையில் ஒட்டினால் மறுநாள் வெள்ளைத் துணி தைக்க முடியாது. கறை பிடிக்கும்.

அதுதான் தப்பு. இருபது வருடம் துணி தொட்ட கை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் காட்டனா பாலியஸ்டரா என்று சொல்லும். ரப்பருக்குள் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. கம்பெனி அந்த மாதம்தான் விளையாட்டு உடுப்பு ஆர்டர் எடுத்திருந்தது. பை முழுக்கப் பாலியஸ்டர்.

காட்டன் எரிந்தால் சாம்பல். பாலியஸ்டர் உருகித் தீயோடு சொட்டும்.

சாயங்காலம், குளவி அடங்கும் நேரம். அவளை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். கம்பில் சுற்றிய துணியைப் பற்றவைத்து உயர்த்தினேன். கூடு பிடித்துக்கொண்டது. அப்போதே சொட்டு கையில் விழுந்தது. ரப்பரும் சேர்ந்து உருகியது. கம்பை விட்டால் பாதிக் கூடு தப்பிவிடும். விடவில்லை. கூடு விழுந்த பிறகு விட்டேன். சூட்டில் கூரைச் சீட் வெடித்தது.

கையுறையைக் கழற்றும்போது தோலும் வந்தது.

அதே டாக்டர். "போன தடவை அவங்க, இந்தத் தடவை நீங்களா?" என்றார்.

வலது கையில் இரண்டு விரல் மடங்கியபடி நின்றுவிட்டது. துணியைப் பிடித்து மிஷின் ஓட்ட முடியாது. இப்போது மற்றவர்கள் தைத்துப் போடும் பீஸை அடுக்குகிறேன். அவள் கொஞ்ச நாள் தண்ணீர் குடித்தாள். சொம்பு சொம்பாகக் குடித்தாள். அதை நான் பார்த்தேன்.

பிறகு ஒரு நாள் ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்துத் தூசி துடைத்தாள். போய்ப் பார்த்தேன். சீட் வெடித்த இடத்துக்குள், சுவரை ஒட்டிப் புதுக் கூடு. கம்பு எட்டாது. மருந்தடிக்கிற ஆளைக் கூட்டிவந்தேன். பதினைந்து நாள் ஒன்றுமில்லை. மறுபடி வந்தது. வேறு வீடும் பார்த்தோம். மூன்று இடம். மூன்றிலும் கக்கூஸ் கூரையில் கூடு இருந்தது.

"இன்னொருக்கா கொளுத்திப் பாக்கறேன் புள்ள."

அவள் என் கையைப் பார்த்தாள்.

"எதுலீங்க புடிப்பீங்க?"

பக்கத்து வீட்டு அக்கா இப்போது எந்த ஊருக்கு என்று கேட்பதில்லை. அவள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போகிறாள். நான் வெளியே நிற்கிறேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும் வரை நிற்பேன்.