அத்தான் அனுப்புவதாகச் சொன்ன ஆள்

எங்கள் வீட்டுக் கக்கூஸின் தண்ணீர்த் தாங்கி நிரம்பிய பிறகும் வால்வு மூடாமல், தண்ணீர் கொமோட் கோப்பைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மோட்டர் போட்டு மேலே ஏற்றும் தண்ணீர் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். கணவர் கட்டாரில் வேலை. அவருடைய அண்ணனை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன்; அவரிடம் சொன்னேன்.

"நீ அதுல கை வைக்காத. ஆள் அனுப்புறன்" என்றார் அத்தான்.

அதுவரை தாங்கிக்குப் போகும் குழாயை மூடிவிட்டு வாளியால் ஊற்றச் சொன்னார். ஊற்றினோம். ஆள் வரவில்லை. என்னோடு இருக்கும் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். ஒரு நாள் வாளியோடு சறுக்கி, சுவரைப் பிடித்துத்தான் தப்பினார். ஆள் எங்கே என்று மறுபடியும் கேட்டேன்.

"உனக்கு என்ன அவசரம்?" என்றார் அத்தான்.

அன்றைக்கே பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போய்ப் புது வால்வு வாங்கினேன்.

"பூட்டுறதுக்கு ஆள் இரிக்கா?" கடைக்காரர் கேட்டார்.

"நான்தான் காக்கா." அங்கே அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

எங்கள் வாவிக்கரைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு, தாங்கிக்கு அடியில் இருந்த நட்டில் வெள்ளையாய் இறுகிக் கிடந்தது. வினாகிரியில் துணியை நனைத்துச் சுற்றி வைத்தேன். பிறகு குறட்டால் திருப்ப, அசைந்து கொடுத்தது. பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டித் தண்ணீரைத் திறந்தேன். தாங்கியின் அடியால் ஒழுகி நிலமெல்லாம் ஈரம். அந்த நேரம் பார்த்து அத்தான் வந்து கக்கூஸ் வாசலில் நின்றார்.

"சொன்னனான்தானே. எழும்பு, நான் பாக்கிறன்."

"வேணாம் அத்தான்."

"வீட்ட வெள்ளமாக்கப் போறாய்."

"ஆக்கினா நானே இறைப்பன். இது எனக்குத் தந்த சீதன வீடு."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அப்படி ஒரு வார்த்தை அவரிடம் நான் அதற்கு முன் பேசியதில்லை. பெரியவர்களோடு எதிர்த்துக் கதைக்காதே என்று எப்போதும் என்னை அடக்கும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி" என்றார் அம்மா அத்தானிடம். "அவளுக்கு வெளிச்சம் மறைக்குது."

மறுபடி கழற்றினேன். தாங்கிக்கு உள்ளே வர வேண்டிய ரப்பர் வாஷரை வெளியே போட்டிருந்தேன். மாற்றிப் போட்டுக் கையால் இறுக்கினேன். தாங்கி நிரம்பியது. தண்ணீர் நின்றது. அத்தான் உள்ளே வந்து தானே ஒரு தடவை ஃபிளஷை அமுக்கி, நிரம்பும்வரை காத்து நின்று பார்த்தார். தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார்.

பின்னேரம் கட்டாரிலிருந்து கணவர் கோல் எடுத்தார்.

"அண்ணனுக்கு மனம் நொந்து போச்சாம். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேள்."

"கேக்க மாட்டன். அம்மா சறுக்கினது உங்களுக்குத் தெரியும். ஆள் வந்தானா எண்டு நீங்க அவரிட்ட ஒருக்கா கேட்டீங்களா?"



"இப்ப தண்ணி நிண்டிட்டா?" என்றார்.

"ஓம்."

மன்னிப்பு இன்றுவரை கேட்கவில்லை. அடுத்த கிழமை, யாரிடமும் சொல்லாமல், சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயைக் கழற்றினேன்.