சவுந்தரநாயகத்தின் கையெழுத்து

போர் நடந்த 2007இல் கொழும்பில் இருக்கும் தமிழருக்கு அடையாள அட்டை மட்டும் போதாது. அதிலும் றஞ்சிதத்தின் அட்டையில் இருந்தது மலையகத்து ஹட்டன் விலாசம். ஜிந்துப்பிட்டியில் அறையெடுத்து, கொள்ளுப்பிட்டியில் மென்பொருள் எழுதும் அவளை மறிக்கிற பொலிஸ்காரன் எவனும், "கொழும்பில் உனக்கென்ன வேலை?" என்றுதான் கேட்பான். அதற்குப் பதில் கைப்பையில் இருக்க வேண்டும்: மாதாமாதம் புதுத் தேதி போட்ட கம்பனிக் கடிதம்.

கையெழுத்திடுபவர் புரொஜெக்ட் மனேஜர் சவுந்தரநாயகம். வெள்ளவத்தைக்காரர், தானும் தமிழர். சோதனைச்சாவடியின் அவமானம் தெரிந்த அந்த மனிதர்தான் இப்படியொரு விதி போட்டார்: யாருடைய வேலையில் பிழை இருக்கிறதோ, அவருக்கு அந்த மாதம் கடிதம் கிடையாது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் வேறென்ன நடக்கும்?

பிழை குறையவில்லை, பிழையைச் சொல்வதுதான் குறைந்தது. அவளோடு வேலை செய்த றேமண்டும் மற்ற இருவரும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பழகிக்கொண்டார்கள்.

அப்போது அவர்கள் எழுதிக்கொண்டிருந்தது ஓர் ஆஸ்பத்திரிக்கான மென்பொருள். ஒப்படைக்க மூன்று நாள் இருக்கையில் றஞ்சிதம் தன் பகுதியிலேயே பிழையொன்றைக் கண்டாள். ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் வந்தால், ஒருவரின் மருந்து மற்றவருக்குப் போய்விடும். வாயை மூடிக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. போய்ச் சொன்னாள்.

"திருத்தும். ஆனா கடிதம் இல்லை. விதி எல்லாருக்கும் ஒண்டுதான்," என்றார் அவர்.

மறுநாள் காலை சோதனைச்சாவடியில் அவளைப் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். பழைய கடிதத்தின் தேதி முடிந்திருந்தது. அன்று பகலும் இரவும் அவளை வாங்குப் பலகையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

அடுத்த நாள் சவுந்தரநாயகம் கடிதத்தோடு ஓடி வந்தார். பாதியில் நின்ற திருத்தத்தை முடிக்க அவளை விட்டால் ஆளில்லை. இன்ஸ்பெக்டரிடம் சிங்களத்தில் அவளைக் கெட்டிக்காரி என்று புகழ்ந்து தள்ளினார்.

கம்பனிக் கந்தோருக்கு வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை.

"மத்த மூணு பேரோட இந்த மாசக் கடிதத்திலயும் இப்பவே கையெழுத்துப் போடுங்க சார். பிழை இருந்தாலும் இல்லாட்டியும் மாசாமாசம் தருவேன்னு எழுதியும் குடுங்க. அப்புறம்தான் நான் கை வைப்பேன்."

"என்னை வெருட்டுறீரோ?"

"ஆமா சார்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்; ஒப்படைக்க ஒரு நாள்தான் மிச்சம். முகம் கறுக்க அவள் கேட்டபடி எழுதி, எல்லாவற்றிலும் கையெழுத்திட்டார்.

றேமண்ட் தன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு எழும்பி நின்றான்.

"சேர், என்ர பகுதியில நாலு பிழை இருக்கு. ரெண்டு மாசமாத் தெரியும்."

பின்னேரத்துக்குள் பதினொரு பிழைகள் வெளியே வந்தன.