செருப்புப் பாக்கி

மாயவனைப் பற்றி யாரைக் கேட்டாலும் "நல்ல மெக்கானிக்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. நல்ல மெக்கானிக் கள்ளக்குறிச்சியில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மாயவன் பட்ட அவமானத்தை மனதில் வைத்துக் கறுவுகிற ஆள். அவன் கறுவியதால்தான் செத்துப்போன ஒரு எஞ்சின் மறுபடி ஓடியது. அதை விட்டுவிட்டு அவனைப் பற்றி என்ன சொன்னாலும் பாதிப் பொய்தான்.

நான் ராசு. கச்சிராயபாளையம் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மாயவன் எங்கள் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்துக்காரன். அப்பா மூட்டை தூக்கினார், அம்மா நடவுக்குப் போனாள். டிராக்டர், லாரி, போர்வெல் வண்டி என்று எதுவாக இருந்தாலும் சத்தத்தைக் கேட்டே எந்தச் சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவான். அந்தக் காதுக்காகத்தான் கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு வைத்திருந்த கொளஞ்சியப்பன் அவனை வேலைக்கு அழைத்துப்போனார்.

கொளஞ்சியப்பன் படகில் இருந்தது ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின். துறைமுகத்திலேயே வேகமான படகு அவருடையதுதான். முதலில் கரைக்கு வருகிற மீனுக்குத்தான் நல்ல விலை. மற்றவர்கள் வந்து சேரும்போது பெரிய வியாபாரிகள் ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டிருப்பார்கள். மாயவன் அந்த எஞ்சினை இரண்டு வருடம் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டான்.

2013-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, படகுகள் முதல் தடவையாகக் கடலுக்குப் போன நாளில் அந்த எஞ்சின் நடுக்கடலில் இறுகி நின்றுவிட்டது. இன்னொரு படகு கயிறு போட்டு இழுத்து வந்தது. ஏலக்கூடத்தில் ஊரே கூடி நின்றது. கொளஞ்சியப்பன் எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை. என்ன ஆனது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலில் இருந்த செருப்பைக் கழற்றி மாயவனைக் கன்னத்தில் அடித்தார்.

"கள்ளக்குறிச்சியில இன்னாடா கடல் இருக்குது? ஏரித் தண்ணியில எரும குளுப்பாட்டினவனுக்கு எஞ்சின் ஒரு கேடா?" என்றாராம். கூட்டம் சிரித்திருக்கிறது. ஸ்பானர் பையையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

அன்று இருட்டிய பிறகு தனியாக என் பட்டறைக்கு வந்தான். கன்னம் வீங்கியிருந்தது. சொல்லி முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நாலு மாதம் கழித்து என் பட்டறை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. மேலே அந்த எஞ்சின். கொளஞ்சியப்பன் அதைக் காயலான் கடையில் தள்ளிவிட்டு வேறு எஞ்சின் வாங்கிவிட்டாராம். மாயவன் தன் மனைவி ரங்கம்மாளின் தோட்டை விற்று இதை எடுத்து வந்திருக்கிறான்.

"இன்னாடா இது?" என்றேன்.

"கொளஞ்சியப்பன்" என்றான்.

அன்றிலிருந்து எஞ்சினுக்கு அதுதான் பெயர். காலையில் வந்ததும், "இன்னிக்கி கொளஞ்சியப்பன் தலையக் கழட்டணும்ண்ணா" என்பான். டிராக்டர் வேலைக்கு வந்த களமருதூர் விவசாயி ஒருவர் பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டார். எஞ்சினின் மேல்பாகத்தைச் சொல்கிறான் என்று நான்தான் விளக்கி உட்காரவைத்தேன். பிஸ்டனில் ஒட்டிய கரியைச் சுரண்டும்போது அவன் திட்டுகிற திட்டையெல்லாம் எழுத முடியாது.

அவன் மனதில் ஒரே கணிப்புதான் இருந்தது. கொளஞ்சியப்பன் சிக்கனம் பிடித்து மட்டமான ஆயிலை டின் டின்னாக வாங்கி ஊற்றவைத்தார், அதில்தான் எஞ்சின் செத்தது. அதைப் பிரித்து நிரூபிக்க வேண்டும். பிறகு அதே எஞ்சினை முன்னைவிட வேகமாக ஓடவைத்து, அதே ஏலக்கூடத்தில், அதே கூட்டத்துக்கு முன்னால் அவரைத் தலைகுனிய வைக்க வேண்டும். கருணாபுரத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் இதைச் சொல்லிவைத்திருந்தான். கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள். இவனுக்கும் அப்படித்தான்.

எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றினோம். ஆயில் கறுப்பாக இல்லை. பால் காப்பி மாதிரி வெளுத்துக் கெட்டியாகக் கிடந்தது. அப்படி இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். பேரிங்குகள் உருகியிருந்தன. கிராங்க் தண்டு முழுக்கக் கீறல். மூன்றாவது பிஸ்டன் உடைந்து சிலிண்டரோடு ஒட்டிக்கிடந்தது. ஆயிலைக் குளிரவைக்கிற கூலரைப் பிரித்தோம். ஒரு பக்கம் ஆயிலும் மறுபக்கம் கடல் தண்ணீரும் ஓடுகிற சாமான் அது. உள்ளே இருந்த குழாய்களைக் கடல் அரித்துச் சல்லடையாக்கியிருந்தது. தடைக்காலத்தில் படகு சும்மா நின்ற நாற்பத்தைந்து நாளும் உப்புத் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கியிருக்கிறது.

"ஆயில் மேல தப்பு இல்லடா" என்றேன்.

அவன் கூலரின் ஓரத்தில் துளிகூட அரிபடாமல் இருந்த ஒரு பித்தளை போல்ட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். அது நான் கடைந்த போல்ட். நான் கடைகிற எதிலும் தலையில் உளியால் சின்னதாக ஒரு கீறல் போடுவேன். அந்தக் கீறல் இருந்தது.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கடலூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாயவன் இந்தக் கூலரிலிருந்து பாதி கரைந்த ஒரு துண்டைக் கொண்டுவந்து காட்டினான். "எவனோ மட்டமான போல்ட்டப் போட்டு வச்சிக்கிறான்ண்ணா, அரிச்சிப்போச்சி, பித்தளையில ஒண்ணு கடஞ்சி குடு" என்றான். நானும் நல்ல பித்தளையில் கடைந்து கொடுத்தேன். போதாததற்கு, இது உன் காலத்துக்கும் தேயாது என்று பீற்றிக்கொண்டேன்.

துறைமுகத்தில் மாயவனிடம் முகம் கொடுத்துப் பேசியவர் ஒரே ஒருவர்தான். அமிர்தம் என்ற விதவை. ஒரு பழைய படகு வைத்துக்கொண்டு, தினமும் கொளஞ்சியப்பனுக்குப் பின்னால் வந்து மிச்சம் மீதி விலைக்கு மீன் விற்கிறவர். மாயவன் அவருக்குப் போன் செய்து, கூலர் ஓரத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டான். நானும் காதை ஒட்டவைத்துக் கேட்டேன்.

"அது போல்ட்டு இல்ல தம்பி, ஜிங்க் குச்சி. கடலுக்குப் போடற தீனி. அதத் தின்னுக்கினு கொழாய விட்டுடும். கரைஞ்சா வேற போடணும். இங்க சின்னப் புள்ளைக்கிகூடத் தெரியுமே" என்றார். ஜிங்க் என்றால் துத்தநாகம்.

சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத கடலுக்குப் போன உள்நாட்டு மெக்கானிக் செய்த தப்பு. அந்தத் தப்புக்குத் திருகு வெட்டிக் கொடுத்தவன் நான்.

"போல்ட்டத் தூக்கி ஏரியில போடு. உனக்கும் எனக்கும்தான் தெரியும்" என்றேன். அவனுக்காகச் சொன்னேன் என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். என் லேத்துக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்றுதான் சொன்னேன்.

மூன்று நாள் அவன் பட்டறைக்கு வரவில்லை. நாலாம் நாள் வந்து ஸ்பானரைக் கையில் எடுத்தான்.

"தப்பு என்னுது. செருப்பு அவுருது. ரெண்டும் வேற வேறண்ணா" என்றான். அதற்குப் பிறகு வேலை பேய்த்தனமாக நடந்தது.

கிராங்க் தண்டை நானே கிரைண்டிங் செய்தேன். கண்ணாடியாக வரும்வரை விடவில்லை, என் பங்குப் பாவமும் அதில் இருந்தது. ஆறு சிலிண்டருக்கும் புது லைனர், உறுதியான பிஸ்டன். போர்வெல் வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய பெரிய டர்போவைப் பொருத்தினான். டர்போ தள்ளுகிற சூடான காற்றைக் குளிரவைக்கத் தனியாக ஒரு கூலர். ஆயில் கூலரில் உப்புக்கு ஈடுகொடுக்கிற புதுக் குழாய். ஜிங்க் குச்சி ஒன்று இருந்த இடத்தில் இரண்டு. ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. நடுவில் லாரி, டிராக்டர் வேலை செய்துதான் வீட்டில் உலை கொதித்தது.

ஓட்டிப் பார்க்கக் கடலுக்கு எங்கே போவது? கல்வராயன் மலையில் மழை பிடித்து ஏரி நிரம்பியிருந்த சமயம். கரையில் எஞ்சினை நிறுத்தி, பெரிய பம்ப்பை இணைத்து, ஏரித் தண்ணீரையே கூலருக்குக் கொடுத்து எட்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினான். வாய்க்காலில் தண்ணீர் ஆறாக ஓடியது. கடைமடை ஆட்கள் ஓடிவந்து, "நாளைக்கும் ஓட்டுங்கப்பா" என்று கெஞ்சினார்கள். மாயவன் எஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு, "கத்துடா கொளஞ்சியப்பா, நல்லாக் கத்து" என்றான்.

2015 தடைக்காலத்தில் எஞ்சினை அமிர்தத்தின் படகில் இறக்கினோம். தடை நீங்கிய முதல் நாள் நானும் அவனும் ஏலக்கூடத்தில் நின்றோம். அமிர்தத்தின் படகு முதலில் வந்தது. மீனை இறக்கி, ஏலம் போட்டு, படகைக் கழுவியும் விட்டார்கள். அதற்குப் பிறகுதான் கொளஞ்சியப்பன் படகு கண்ணுக்கே தெரிந்தது. எனக்கு மனசு குளிர்ந்துபோனது. அதை மறைப்பானேன்?

கொளஞ்சியப்பன் மாயவனைப் பார்த்ததும் நின்றார். கூட்டமும் சேர்ந்துவிட்டது. மாயவன் சட்டைப் பையிலிருந்து பித்தளை போல்ட்டை எடுத்து ஏல மேசைமேல் வைத்தான்.

"மொதலாளி, இதான் உங்க எஞ்சினக் கொன்னுது. ஜிங்க் இருக்க வேண்டிய எடத்துல இத மாட்டினது நான்தான்."

கொளஞ்சியப்பன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்துக்கினீங்களா எல்லாரும்? அவனே ஒத்துக்கினான்!"

"ஒத்துக்கினன். இத நான் கண்டுபுடிச்சதே, இப்ப அமிர்தம்மா படகுல ஓடற உங்க பழைய எஞ்சினப் பிரிச்ச பொறவுதான். நீங்க பிரிச்சிப் பாக்கவே இல்ல. அன்னிக்கி உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன எதுக்கு அடிச்சீங்க?"

கொளஞ்சியப்பன் ஏலக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கூட்டத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. "கேக்கறான் இல்ல, சொல்லுய்யா" என்றார் அமிர்தம்.

ஆள் தந்திரக்காரர். சட்டென்று செருப்பைக் கழற்றி மாயவனிடம் நீட்டினார். "இந்தா. நீயும் ஒண்ணு அடிச்சிட்டுப் போ. முடிஞ்சிச்சி."

அடிடா, அடிடா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மாயவன் செருப்பைத் தொடவே இல்லை.

"மாட்டிக்குங்க மொதலாளி. அடிச்சா தீந்துபூடும். தீர வேணாம்" என்று சொல்லிவிட்டு நடந்தான். திரும்பி வருகிற பஸ்ஸில் உளுந்தூர்ப்பேட்டைவரை நான் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. துறைமுகத்து வாய் சும்மா இருக்குமா? வாங்க வேண்டிய செருப்படி இன்னும் பாக்கி நிற்கிற ஆள் என்று, ஒரு மாதத்துக்குள் கொளஞ்சியப்பனுக்குச் 'செருப்புப் பாக்கி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். செருப்புப் பாக்கி படகு வந்துவிட்டதா, செருப்புப் பாக்கி வீட்டில் கல்யாணமாமே என்றெல்லாம் பேச்சு. அமிர்தத்தின் படகு தினமும் அவரை முந்திக்கொண்டு வர, அந்தப் பெயரும் தினமும் புதிதாகிக்கொண்டிருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம் கொளஞ்சியப்பன் என் பட்டறைக்கே வந்துவிட்டார். இளைத்திருந்தார். மாயவன் ஒரு டிராக்டர் பம்ப்பைப் பிரித்துக்கொண்டிருந்தான். எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான், டீ வரவழைத்தான். மரியாதையில் ஒரு குறை வைக்கவில்லை. அவர் டீயைக் குடிக்கவில்லை.

"பேத்திக்கி சம்மந்தம் பேச வந்தவங்க காதுலயும் அந்தப் பேரு வுழுந்துடுச்சி மாயவா. நான் பண்ணது தப்புதான். கூட்டத்துல வந்து, தீந்துச்சின்னு ஒரு வார்த்த சொல்லிடு. உன் கால்லகூட வுழறன்."

அவர் குனிந்தேவிட்டார். மாயவன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"நான் மட்டுமா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பன் மொதலாளி. லீவுக்குக் கடல் பாக்கணும்னு என் பொண்ணு வந்திருந்தா. ஏழு வயசு. நீங்க அடிச்சப்ப என் கையப் புடிச்சிக்கினு நின்னா."

இத்தனை வருடம் கூடவே இருந்த என்னிடம் அவன் இதைச் சொன்னதில்லை.

"தீந்துச்சான்னு அவதான் சொல்லணும்" என்றான்.

"அவள நானே கேக்கறன்யா. எங்க இருக்கா?" என்றார் கொளஞ்சியப்பன்.

"பள்ளிக்கூடம் போயிருக்கா. ஆனா நீங்களும் கேக்கக் கூடாது, நானும் கேக்க மாட்டன். கேட்டா அவளுக்கு ஞாபகம் வந்துடும். மறந்துட்டாளோ இன்னாவோன்னு நெனச்சிக்கினுதான் நான் வூட்ல சோறு துன்னுக்கினு இருக்கறன்."

சொல்லிவிட்டு அவன் பம்ப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கொளஞ்சியப்பன் பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று என்னைக் கேட்டார். நான் கையைக் காட்டினேன்.