நாலு இட்லி

காவாந்தண்டலத்தில் மூட்டை தூக்குகிறவர்களில் செங்கேணிக்குப் பந்தியிலும் பேர் உண்டு. மூன்றாம் முறை சோறு வாங்கினால்தான் பசி தீர்ந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்டவருக்குப் பங்குனியில் காமாலை வந்தது. பச்சிலை கொடுத்த வைத்தியர், ஒரு மாதம் உப்பில்லாத மோர்க்கஞ்சி மட்டும் என்று பத்தியம் சொன்னார். மனைவி அம்முலு ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

"இந்தக் கஞ்சிக்கு அந்தக் காமாலையே தேவலாம்மே" என்று முதல் வாரம் கேலி செய்தார். பிறகு கேலி நின்றது. கஞ்சியும் அரை டம்ளருக்கு மேல் இறங்கவில்லை.

பத்தியம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது தலை சுற்றி விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், நன்றாகச் சாப்பிடுகிறாரா என்று டாக்டர் அம்முலுவிடம் கேட்டார். பச்சிலையைச் சொன்னால் திட்டு விழும். கட்டினவனைப் பட்டினி போட்டவள் என்று வார்டே பார்க்கும்.

"வேளாவேளைக்கு சாப்ட்டுக்கினுதான் கீறாரு சார். காமாலையில எளைச்சிட்டாரு."

ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருந்ததால் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் தெம்பாக எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். அம்முலு ஓடிப்போய் வாங்கி வந்தாள். நாலு சாப்பிட்டார். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள், மூட்டையை ஒரே வீச்சில் தோளேற்றியவரால் டம்ளரைத் தூக்க முடியவில்லை. மூச்சு மேலே மேலே வாங்கியது. நர்ஸ் ஜெனிஃபர் அம்முலுவைத் தனியாக அழைத்துப் போனாள்.

"அக்கா, நெசத்த சொல்லுங்க. எத்தினி நாளா சாப்பிடல?"

"ஒரு மாசம்" என்றாள் அம்முலு.

உடனே ரத்தம் எடுத்தார்கள். பாஸ்பேட் மிகவும் குறைந்திருந்தது. நெடுநாள் பட்டினியில் அந்தச் சத்து வற்றிப்போகும், திடீரென்று சாப்பாடு சேர்ந்தால் ரத்தத்தில் மிச்சம் இருப்பதும் செல்களுக்குள் இழுபட்டுவிடும், மூச்சிழுக்கும் தசை ஓய்ந்துவிடும் என்றார் டாக்டர். முன்பே தெரிந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்திருப்போம் என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று அம்முலுவுக்குத் தோன்றியது.

பாஸ்பேட்டை வேகமாக ஏற்றக்கூடாதாம். மணிக்கணக்கில் சொட்டியது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்த்தார்கள். அளவு கொஞ்சம் ஏறியது. அவர் தேறவில்லை. ஐந்தாம் நாள் விடியற்காலை மூச்சு அடங்கியது.

சாவுக்கு வந்த நாத்தனார் முனியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு கேட்டாள்: "கடைசியா எங்கண்ணன் வாய்க்கு எதுனா துன்னுச்சா?"

எல்லோரும் அம்முலுவின் முகத்தைப் பார்த்தார்கள்.

"துன்னாரு" என்றாள். "நாலு இட்லி."