துப்பாக்கி இல்லாத ஹெலிகாப்டர்

அப்பாவின் இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு, "துப்பாக்கி எங்கே?" என்று தேடப்போகிற உறவினர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடையாது. எண்ணெய்க் கறை படிந்த உடுப்போடு அப்பா ஒரு ஹெலிகாப்டரின் கதவோரம் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். வெள்ளைச் சட்டை போட்ட படமாக மாற்றலாமே என்று மூன்று பேர் சொன்னார்கள். மூன்று பேரிடமும் முடியாது என்றேன். அப்பாவின் மகளுக்குப் பிடிவாதத்தில் என்ன குறை?

அப்பா குண்டடத்துக்குப் பக்கத்தில், மழை வந்தால்தான் வெள்ளாமை என்றிருந்த ஒரு தோட்டத்தில் இரண்டாவது மகனாகப் பிறந்தார். மூத்தவரான என் பெரியப்பா திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனி வைத்தார். கூடவே வந்துவிடு என்று தம்பியையும் அழைத்தார். தம்பியோ வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விமானப்படைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் போய் வரிசையில் நின்றார். ஒரு வருடத்துக்கு ஊரில் இதே பேச்சாக இருந்ததாம். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அங்கே அவருக்கு மீட்பு ஹெலிகாப்டரில் வேலை. வெள்ளத்திலும் பனியிலும் சிக்கியவர்களை இரும்புக் கயிற்றில் மேலே ஏற்ற வேண்டும். ஓட்டுகிற கேப்டனுக்கு, தன் இயந்திரத்துக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. திறந்த கதவில் குப்புறப் படுத்து, கீழே பார்த்து, "தீன், தோ, ஏக், பஸ்" என்று அப்பா சொல்லச் சொல்லத்தான் அவர் நகர்த்துவார். மூன்று, இரண்டு, ஒன்று, போதும் என்பதற்கு இந்தி. அந்தக் குரல் கொஞ்சம் பிசகினாலும் கயிற்றில் தொங்குபவர் பாடு அதோகதிதான்.

ஓய்வு பெற்று வந்த பிறகு பெரியப்பாவின் கம்பெனியிலேயே இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றார். மாடியிலிருந்து துணி ரோல் இறக்கும்போதும் அதே "தீன், தோ, ஏக், பஸ்" தான். பீகாரிலிருந்து வந்து எங்கள் கம்பெனியில் வேலை செய்த பையன்களுக்கு அதைக் கேட்டால் ஒரே சிரிப்பு. எனக்குப் பள்ளியில் வாய்ப்பாடு வருவதற்கு முன்பே அது மனப்பாடமாகிவிட்டது.

திருப்பூரில் பட்டாளத்துக்காரர் என்றதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "ஏனுங்க, எத்தனை பேரைச் சுட்டீங்க?"

"சுடலீங்க. தூக்குனேனுங்க."

கேட்டவர் முகம் சப்பென்று ஆகிவிடும். அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் இருக்காது. உடனே பார்வை அங்கே போகும். "குண்டு பட்டுதுங்களா?" என்பார்கள். "இல்லீங்க, கதவுல மாட்டிக்கிச்சு" என்பார். எங்களிடமும் அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெரியப்பாவுக்கு இது பெரிய மனக்குறை. கல்யாண மண்டபங்களில் "எங்க தம்பி எல்லையில நின்னு எதிரியைச் சுட்டு வீழ்த்துனவன்" என்று அறிமுகம் செய்வார். அப்பா அங்கேயே, அத்தனை பேர் முன்னால், "அண்ணனுக்கு ஞாபகப் பிசகுங்க" என்று திருத்துவார். அம்மா தலை குனிந்துகொள்வார். எனக்கோ பெருமையாக இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, காங்கேயம் சாலையில் ஒரு தனியார் கல்லூரி, சேவை முடிந்த ராணுவ ஹெலிகாப்டர் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தியது. அந்தக் கல்லூரியை நடத்துபவர்களில் பெரியப்பாவும் ஒருவர். திறப்பு விழாவுக்குத் தம்பிதான் சிறப்பு விருந்தினர் என்று ஆசையோடு ஏற்பாடு செய்திருந்தார். அதை இன்றும் நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

நாங்கள் போனபோது மேடை, பந்தல், மாலை எல்லாம் தயார். ஹெலிகாப்டர் மட்டும் உடம்பெல்லாம் காட்டுப் பச்சையும் காவியுமாகப் புதுப் பெயின்டில் நின்றது. இரண்டு பக்கமும் பக்கத்துக்கு மூன்றாக ராக்கெட்டுகள். போர்வெல்லுக்கு இறக்கும் பிளாஸ்டிக் குழாயை வெட்டி, முனையைக் கூராக்கிச் செய்திருந்தார்கள். அப்பா நேரே கதவுப் பக்கம் போனார். வாசல் விளிம்பில் ஓரிடம் உள்வாங்கிப் பள்ளமாக இருந்தது. மூன்று விரல் கையை அதில் வைத்து வெகுநேரம் நின்றார்.

"இங்கதான் கண்ணு மாட்டுச்சு" என்றார் என்னிடம். அது அவர் பறந்த அதே இயந்திரம்.

பெரியப்பா கத்தரிக்கோலை நீட்டினார். அப்பா வாங்கவில்லை. "அந்தக் குழாயை எல்லாம் கழட்டுங்கண்ணா. அப்புறம் ரிப்பன் வெட்டறேன்."

"தம்பி, அழகுக்கு வெச்சதுதானப்பா. படிக்கற பசங்களுக்கு வீரம்னா என்னன்னு தெரியோணுமல்லோ?"

"இதுல ஏறி உசுரோட வந்தவங்களைக் கேளுங்கண்ணா, சொல்லுவாங்க."

மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு அப்பா நடந்தார். நானும் அம்மாவும் பின்னாலேயே வந்துவிட்டோம். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. மறுநாள் முதல் அப்பா கம்பெனிக்கும் போகவில்லை.

சும்மாவும் இருக்கவில்லை. பழைய குழுவினர் இருவரைத் தேடிப் பிடித்தார். ஒருவர் பஞ்சாபில் இருக்கும் கேப்டன். இன்னொருவர் அந்தக் கயிற்றில் தொங்கி இறங்கியவர், கேரளத்துக்காரர். மூவரும் கல்லூரிக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார்கள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

பிறகு அப்பாவின் நுரையீரல் பழுதானது. கோவையில் மருத்துவமனையில் இருந்தபோது இருவரும் பார்க்க வந்தார்கள். கேப்டன்தான் அந்த விரல் கதையை எனக்குச் சொன்னார். வடக்கே ஒரு மலை வெள்ளம். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியை ஸ்ட்ரெச்சரில் கட்டி ஏற்றும்போது காற்று தூக்கி அடித்தது. அவள் தலை கதவு விளிம்பில் மோதாமல் இருக்க அப்பா கையை நடுவில் கொடுத்தார். இரும்பே பள்ளமானது, விரல்கள் எந்த மூலைக்கு? "ஆனால் ஹெட்போனில் குரல் மாறவே இல்லை. தரையிறங்கி ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரியும்" என்றார் கேப்டன். அப்பா அதைக் கேட்டும் கேட்காதவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார். "கழட்டிட்டாங்களா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது. இரண்டு நாளில் போய்விட்டார். அந்தப் பதில் இன்னும் என்னை அறுக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தெருமுனையில் பெரிய கண்ணீர் அஞ்சலி பேனர். பெரியப்பா வைத்தது. அப்பாவின் முகத்துக்குப் பின்னால் குண்டு மழை பொழியும் ஒரு போர் ஹெலிகாப்டர். இழவு வீட்டில் பெண்பிள்ளை சத்தம் போடக் கூடாதாம். நான் போட்டேன். கேப்டன் சொன்ன கதையைத் தெருவில் நின்று, பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து, ஒன்று விடாமல் சொன்னேன். இதை இறக்காமல் அப்பாவை எடுக்க விடமாட்டேன் என்றேன். கம்பெனிப் பையன்கள் ஏறிக் கயிற்றை அறுத்தார்கள்.

மூன்றாம் நாள் சீர் முடியும்போது கேப்டனும் கேரளத்து அங்கிளும் வந்து சேர்ந்தார்கள். கேப்டன் பையில் ஸ்பேனர் செட் இருந்தது. மூவரும் நேரே கல்லூரிக்குப் போனோம். வாட்ச்மேன் மறித்தார். நான் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பெரியப்பா, ஏணி ஒண்ணு வேணுமுங்க. குழாயைக் கழட்டறதுக்கு. நீங்க தரலீன்னா வாடகைக்கு எடுத்துக்கறோம்."

போன் வைக்கப்பட்டது. அரைமணி நேரத்தில் கம்பெனி வேன் வந்தது. ஏணியோடு பெரியப்பாவே இறங்கினார். "நான் புடிச்சுக்கறேன் சாமி, ஏறச் சொல்லு" என்றார்.

கேப்டன் ஏறினார். போல்ட்டைக் கழற்றி, குழாயைக் கயிற்றில் கட்டிக் கீழே விட்டார். தலை குழாய்களுக்கு உள்பக்கம் இருந்ததால் அவருக்குத் தரை தெரியவில்லை. பாதியில் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"தீன்" என்றேன். "தோ... ஏக்... பஸ்."

குழாய் தரையில் உட்கார்ந்தது. ஏணியைப் பிடித்திருந்த பெரியப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். இன்னும் ஐந்து முறை எண்ணினேன்.

அப்பாவைக் கடைசிவரை தாங்கிய மருத்துவமனைச் செவிலியருக்கும், பாடை தூக்க முதலில் தோள் கொடுத்த பீகார் தம்பிகளுக்கும், பஞ்சாபிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இன்று முதலாண்டு நினைவு நாளுக்கும் வந்து நிற்கும் இரண்டு பெரியவர்களுக்கும், இந்த மலரை ஒரு வரிகூட மாற்றச் சொல்லாமல் அச்சிட்டுக் கொடுத்த பெரியப்பாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

வந்திருக்கும் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். காங்கேயம் சாலையில் போனால் அந்தக் கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்துங்கள். ஹெலிகாப்டர் கதவின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்படும். பக்கத்தில் யாராவது நின்று, இதிலிருந்து எத்தனை பேரைச் சுட்டார்கள் என்று கேட்டால், திருத்த அப்பா இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். தூக்கினார்கள் என்று சத்தமாகச் சொல்லுங்கள்.