பச்சோந்திக்கு வக்காலத்து

முத்தாலம்மாளுக்குச் சுறாவைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. பச்சோந்தியைப் பற்றித் தெரிந்தது ஒன்றுமில்லை. அப்படியிருந்தும், அந்த ஞாயிறு காலை இரும்புலியூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழா மேடையில், பச்சோந்தி அணியின் நாற்காலியில்தான் அவர் அமர்ந்திருந்தார்.

விடியுமுன் கோவளம் கரை ஏலத்தில் மீனெடுத்து, பேருந்தில் தாம்பரம் கொண்டுவந்து இருபத்தாறு ஆண்டுகளாக விற்பவர் அவர். குடியிருப்பினுள் வீடு வீடாகச் சென்றவரைத் தீபாவளிக்குப் பிறகு வாசலோடு நிறுத்திவிட்டார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று தீர்மானம் கொண்டுவந்தவர் சங்கச் செயலாளர் ராஜகோபால். அன்று முதல் சாலைப் புழுதியில்தான் கூடை. பாதி மீன் விலைபோகாமல் வாடும். அந்த இரும்புக் கதவு மறுபடி திறக்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே வேண்டுதல்.

வாசலில் கூடையோடு இருந்தவரிடம், மூன்றாம் மாடி ஆசிரியை ஹெப்சி மூச்சிரைக்க ஓடி வந்திருந்தார்.

"அக்கா, பட்டிமன்றத்துக்கு ஒரு ஆளு குறையுது. பிழைக்கத் தெரிஞ்சது சுறாவா, பச்சோந்தியான்னு தலைப்பு. வாங்க!"

"இன்னாம்மா ஜோக்கடிக்கிற! சுறான்னா பேசலாம்."

"அதுக்கு செக்ரட்டரி சார் இருக்காரே. உங்களுக்குப் பச்சோந்திதான்."

மேடையில் ராஜகோபால் முழங்கினார். "வரிசை வரிசையாகப் பற்கள்! ஒன்று விழுந்தால் அடுத்தது முன்னால் வரும். கடலே நடுங்கும்! பச்சோந்திக்கு என்ன இருக்கிறது? வெறும் நாக்கு!" கைதட்டல் எழுந்தது.

முத்தாலம்மாளின் முறை வந்தது. ஏலக்கரையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு தொண்டையைத் திறந்தார்.

"சார் சொன்னது அத்தினியும் நெசம். ஆனா எம்மாம் பெரிய சுறாவா இருந்தாலும் கடசீல சட்டீல இன்னா ஆவுது? புட்டு! இருபத்தாறு வருசமா கூவிகினு கீறேன். எவனாச்சும் 'முத்தாலு, அரை கிலோ பச்சோந்தி போடு'ன்னு கேட்டுக்கீறானா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவருடைய தலைக்கு ஏறியது; ஊஞ்சலின் உச்சியில் இருப்பதுபோல் கிறுகிறுத்தது.

"நெறம் மாத்தறது தப்பா சார்? பொழைக்கற வழி! மீட்டிங்குல ஒரு நெறம், காலீல கேட்டாண்ட வேற நெறம். நானே வாராவாரம் பாக்கறேன்!"

"யாரும்மா அது?" என்றார் நடுவர் டேனியல், ஆவலுடன்.

ராஜகோபாலின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு மஃப்ளரால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, டிபன் பாக்ஸில் பால்சுறா வாங்கிச் செல்பவர் அவர்தான். பெயர் முத்தாலம்மாளின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால், வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுப்பது அவருடைய தொழிலில் இல்லை.

"வேற யாரு சார், ஒங்க பிளாட்டு பூனதான்! கீரகாரம்மா வந்தா சாமியாராட்டம் ஒக்காந்துகினு கீது. என் கூடய பாத்தா புலியா மாறுது!"

சிரிப்பில் நாற்காலிகள் குலுங்கின. டேனியல் கண்ணைத் துடைத்துக்கொண்டே பச்சோந்திக்கு வெற்றியை அறிவித்தார்.

தோற்ற அணியின் ராஜகோபால் மெல்ல எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். "அந்தத் தீர்மானத்தை நானே திரும்பப் பெறுகிறேன். கூடைக்கு ஒரு மூடி மட்டும் இருக்கட்டும்." மறுப்பவர் யாருமில்லை.

மேடையிலிருந்து இறங்கும்போது முத்தாலம்மாள் அவர் காதருகே குனிந்தார்.

"மூடி போட்டே எடுத்தாறேன் சார். நீங்க இனிமே மூடிகினு வர வாணாம்."