சந்தனம் அழிந்த டயர்

போன ஆயுத பூஜைக்கு மகள் புதுக் காரில் வந்தாள். நான் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு டயர் பக்கம் குனிந்தேன். "டயருக்கெல்லாம் வேண்டாங்கப்பா, கண்ணாடியில ஒரு பொட்டு போதும்" என்றாள். சரி என்று எழுந்துவிட்டேன். விரலில் ஒட்டியிருந்த சந்தன வாசனை மட்டும் சும்மா இருக்கவில்லை, என்னை எண்பதுகளுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்போது என்னிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. எனக்கு முன் மூன்று பேர் ஓட்டித் தேய்த்தது. நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவன். ஆனால் நாமக்கல்காரன் என்றாலே வண்டி தெரிந்தவன் என்று வெளியூரில் ஒரு நினைப்பு உண்டு. கேட்டுக் கேட்டு எனக்கே அந்த நினைப்பு வந்துவிட்டது, என்ன செய்ய.

அந்த வருடம் பூஜை முடிந்த மறுநாள் ஒரு மூட்டை நிலக்கடலையைப் பின்னால் போட்டு, மனைவியையும் மூன்று வயது மகளையும் ஏற்றிக்கொண்டு சேந்தமங்கலம் போய்வந்தேன். குழியில் இறங்கும்போதெல்லாம் பின்னால் சர், சர் என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்று டயரிலும் முதல் நாள் வைத்த சந்தனப் பொட்டு அப்படியே இருக்கிறது, பின்பக்க வலது டயரில் மட்டும் சுத்தமாக அழிந்திருக்கிறது. பாரம் ஏறினால் டயர் மேல்தகட்டில் உரசுகிறது! பட்டறையில் தகட்டின் விளிம்பை உள்ளே தட்டி மடக்கினார்கள். உரசல் நின்றது. பள்ளியில் பார்த்தவர்களிடமெல்லாம் இந்தத் துப்பறிதலைச் சொன்னேன்.

மனைவிதான் கெடுத்தாள். "ஏனுங்க, இன்னொரு சத்தம் இருக்குதுங்க. முன்னாடி."

"ரோட்டுச் சத்தம் அம்மிணி அது."

"இல்லீங்க. எரையுது. இடது பக்கம் திரும்புனா அதிகமாவுது, வலது பக்கம் திரும்புனா அடங்குது. எங்கூட்டுத் தறியில பேரிங் போனா இப்படித்தானுங்க எரையும்."

அவள் ஆட்டையாம்பட்டிக்காரி. விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். அடுக்களையில் இருந்தபடியே எந்தத் தறி சரியில்லை என்று சொல்லிவிடுவாளாம். எனக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்தும், "காரும் தறியும் ஒண்ணா? சும்மா இரு" என்றேன். சும்மா இருந்தாள்.

தீபாவளிக்கு அவள் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டோம். ராசிபுரம் வருவதற்கு முன்னால், புளியமரங்கள் நின்ற இடத்தில், "வண்டிய நிறுத்துங்க" என்றாள். அவள் அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. "எறங்கி முன்சக்கரம் ரெண்டையும் நடுவுல தொட்டுப் பாருங்க."

முறைத்துக்கொண்டே இறங்கினேன். இடது சக்கரம் வெதுவெதுப்பு. வலது சக்கரத்தில் விரல் வைத்ததும் சுட்டுவிட்டது. கிரீஸ் கருகும் வாடை. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். ஆடும் பல்லைப் போல ஆடியது. ராசிபுரத்திலிருந்து வந்த மெக்கானிக் பேரிங்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். நீலம் பாரித்து, பொரிப்பொரியாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தீங்கன்னா சக்கரம் தனியா ஓடியிருக்குங்க, சார்."

அவள் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று அவள் கேட்டிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். கேட்கவில்லை. புது பேரிங் போட்டுக் கிளம்பியதும் கண்ணை மூடிக் கொஞ்ச தூரம் கேட்டுவிட்டு, "இப்ப சரியாப் போச்சுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு, "என்ன கேக்குது, சொல்லு" என்று நானே கேட்பேன். அந்தக் கார் போனது. ராசிபுரம் சாலைப் புளியமரங்களும் போயின. அவள் போய் ஆறு வருடம். அவளைச் சும்மா இரு என்று அடக்கியது இன்றும் உறுத்துகிறது.

பூஜை முடிந்து மகள் என்னைப் புதுக் காரில் ஒரு சுற்று கூட்டிப்போனாள். "ஒரு சத்தமும் இல்ல, பாத்தீங்களாப்பா" என்றாள்.

"ஆமா சாமி" என்றேன். கை தானாகக் கண்ணாடியை இறக்கியது.

"ஏசி ஓடுதுங்கப்பா."

ஏற்றிவிட்டேன்.